இருசக்கர வாகன உரிமம்: தமிழ்நாட்டில் முதன்முறை எடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஸ்கூட்டர் பழக வரும் பெண்கள், கல்லூரியில் சேர்ந்த கையோடு பைக் கேட்கும் பிள்ளைகள், பல ஆண்டுகள் உரிமமே இல்லாமல் ஓட்டிவிட்டு இப்போது ஒழுங்குபடுத்திக்கொள்ள நினைக்கும் பெரியவர்கள் என்று யார் வந்தாலும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் நாடு முழுவதற்கும் பொது. அலுவலக நடைமுறை பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியது.

யாருடைய கையையும் எதிர்பார்க்காமல், இடைத்தரகர் இல்லாமல், உங்கள் உரிமத்தை நீங்களே எடுக்க முடியும். அதை நம்ப வைப்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இத்தனை வருடங்களாக உரிமம் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. இப்போது எதற்கு?

பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டபோது உயர்ந்த இந்த அபராதத் தொகைகள், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஆனால், அபராதத்தைவிட நான் அஞ்சுவது வேறொன்றை.

உரிமம் இல்லாத நீங்கள் ஓட்டும்போது ஒருவர் மேல் மோதிவிட்டீர்கள் என்று வையுங்கள். வண்டிக்குக் காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வழியிருக்கிறது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியிருக்கிறது. மோட்டார் விபத்து இழப்பீடு பல லட்சங்களில் வரும். ஒரு குடும்பத்தின் வீட்டையோ நிலத்தையோ விற்க வைக்கக்கூடிய தொகை அது. அடிபட்டது நீங்களாக இருந்தாலும் சிக்கல்தான். வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, செல்லத்தக்க உரிமம் வைத்திருப்பவருக்கே கிடைக்கும்.

ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உரிமம் மட்டும் இவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சாலை விதியைப் படிக்காமலும், வண்டியை முறையாகப் பழகாமலும் சாலைக்கு வருவோரைக் குறைக்க நம்மிடம் இருக்கும் ஒரே வாசல் இந்தத் தேர்வுதான்.

எத்தனை வயதில் எடுக்கலாம்?

18. கியர் உள்ள பைக்கானாலும் கியர் இல்லாத ஸ்கூட்டரானாலும் அதுதான் வயது. 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட வண்டிக்கு மட்டும், பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதத்துடன் 16 வயதிலேயே உரிமம் பெறலாம்.

இந்த 16 வயது விதியைக் கேள்விப்பட்டு ஏமாறுபவர்கள் நிறைய. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த காலத்தில் அந்த விதிக்குப் பொருள் இருந்தது. இன்று ஊரெங்கும் ஓடும் எக்ஸ்.எல். 100 ஏறக்குறைய 100 சி.சி. வண்டி. கடைகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. 16 வயதில் உரிமம் வாங்கினாலும் இவற்றில் எதையும் ஓட்ட முடியாது.

பையனுக்கு 17 முடியப்போகிறது. டியூஷனுக்கும் தெருமுனைக் கடைக்கும்தானே போகிறான்?

கொடுக்காதீர்கள். பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

2019 திருத்தத்தில் சேர்ந்த 199-ஏ பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். 18 நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் எடுக்கவே முடியாது. வேலை தேடும் வயதில், நேர்காணலுக்கு வண்டியில் போக வேண்டிய வயதில், உரிமம் கிடையாது என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சட்டத்தை விடுங்கள், பதினேழு வயதில் வேகம் எவ்வளவு என்று கண் மதிப்பிட்டுப் பழகியிருக்காது. குறுக்கே வரும் லாரி எவ்வளவு நேரத்தில் நெருங்கும் என்று அவனுக்குத் தெரியாது.

பெற்றோருக்குத் தெரியாமல் நண்பனின் வண்டியை ஓட்டினான் என்ற கதையும் வரும். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக 5,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. நண்பனின் அப்பாவும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார்.

கியர் உள்ளதா, கியர் இல்லாததா? எதற்கு விண்ணப்பிப்பது?

உரிமத்தில் இவை இரண்டும் தனித்தனி வகைகள். கியர் இல்லாத வகையை மட்டும் எடுத்தவர் பைக் ஓட்டினால், அந்த வண்டிக்கு அவரிடம் உரிமம் இல்லை என்றே பொருள். கியர் உள்ள வகையை எடுத்தவர் ஸ்கூட்டரையும் ஓட்டலாம். ஆகவே, முடிந்தவர்கள் கியர் உள்ளதையே எடுங்கள்.

குறிப்பாகப் பெண்களிடம் இதைச் சொல்கிறேன். "எனக்கு ஸ்கூட்டர் போதும்" என்று பலர் முடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி வந்து, வாசலில் நிற்பது கணவரின் பைக் மட்டும் என்றால்? கிளட்ச் பழகப் பத்துப் பதினைந்து நாட்கள் ஆகும், அவ்வளவுதான். ஸ்கூட்டர் மட்டுமே வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் அதையே எடுக்கலாம். அதிலும் குறையொன்றும் இல்லை. 2018 பிப்ரவரியில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தபோது, மானியத்துக்கு உரிமம் வேண்டும் என்பதற்காகவே ஏராளமான பெண்கள் ஆர்.டி.ஓ. அலுவலக வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலர் இன்றும் தங்கள் வேலைக்குத் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

காரும் ஓட்டப் பழகும் எண்ணம் இருந்தால் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இரண்டு வகைகளையும் சேர்த்துக் குறியுங்கள். பிறகு தனியாகச் சேர்க்க மீண்டும் அலைய வேண்டியிருக்கும். கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் பைக் ஓட்ட அது செல்லாது.

மின்சார ஸ்கூட்டருக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்களே?

பாதி உண்மை. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருக்கும் வண்டிகளுக்கு மட்டும் உரிமமும் பதிவும் தேவையில்லை. பதிவு எண் பலகையோடு சாலையில் ஓடும் மற்ற மின்சார ஸ்கூட்டர்கள் அனைத்துக்கும் உரிமம் வேண்டும். கியர் இல்லாத வகை போதுமானது. கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காமல், வண்டிக்குப் பதிவு எண் உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உண்டு என்றால் உரிமமும் வேண்டும்.

விண்ணப்பிப்பது எப்படி? எவ்வளவு செலவாகும்?

முதலில் பழகுநர் உரிமம். மக்கள் வழக்கில் எல்.எல்.ஆர். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி என்ற பகுதிக்குள் போய், தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் பெயர், முகவரி, படம் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். ஆதாரில் இணைந்திருக்கும் கைபேசி எண் உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் அந்த ஓ.டி.பி. வராமல்தான் நின்றுபோகின்றன. கணினி பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் சிறு சேவைக் கட்டணம் கொடுத்து விண்ணப்பிக்கலாம்.

வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்தகுதி பற்றி நீங்களே தரும் உறுதிமொழி ஆகிய மூன்றும் போதும். 40 வயதைக் கடந்தவர்கள் கூடுதலாகப் பதிவு பெற்ற மருத்துவரிடம் படிவம் 1-ஏ சான்று வாங்க வேண்டும்.

கட்டணம் மத்திய விதிகளிலேயே இருக்கிறது. பழகுநர் உரிமத்துக்கு வகை ஒன்றுக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50. ஓட்டுநர் தேர்வுக்கு வகை ஒன்றுக்கு 300, உரிமம் வழங்க 200, ஸ்மார்ட் கார்டுக்கு 200. மாநிலச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்தால் ஒரு வகைக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். இடைத்தரகர்கள் கேட்கும் தொகையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

பழகுநர் உரிமத் தேர்வில் என்ன கேட்பார்கள்? தமிழில் எழுதலாமா?

தமிழிலேயே எழுதலாம். கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். இருசக்கர உரிமத்துக்குப் பள்ளிப் படிப்பு எதையும் சட்டம் கேட்பதில்லை.

சாலைக் குறியீடுகளை வடிவத்தை வைத்துப் படித்தால் மறக்காது. வட்டம் கட்டளை: நுழையாதே, திரும்பாதே, இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே. முக்கோணம் எச்சரிக்கை: வளைவு வருகிறது, பள்ளி வருகிறது. செவ்வகம் தகவல்: மருத்துவமனை, பெட்ரோல் நிலையம். இதில் விதிவிலக்குகள் இரண்டு. 'நில்' என்பது எண்கோணம், 'வழிவிடு' என்பது தலைகீழ் முக்கோணம்.

விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை என்ன என்ற கேள்வி கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். ஆளில்லாத ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து போய், ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்க வேண்டும். ரவுண்டானாவில் உங்கள் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை உரிமம் வைத்திருப்பவர்களே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். நீங்களாவது நினைவில் வையுங்கள்.

எல்.எல்.ஆர். வந்துவிட்டது. இனித் தனியாக ஓட்டலாமா?

கூடாது. அதிகமான பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். பழகுநர் உரிமம் மூன்று நிபந்தனைகளோடு வரும் விலக்கு. உரிமம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். அந்த வகை வண்டிக்கு முழு உரிமம் வைத்திருக்கும் ஒருவர் பயிற்சியாளராக உடன் இருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். அந்தப் பலகைக்கு அளவும் உண்டு: 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் விலக்கு போய்விடும். உரிமமில்லாமல் ஓட்டியதாகவே கொள்ளப்படும்.

பைக்கைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. பயிற்சியாளரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. தங்கையைப் பள்ளியில் விடுவதற்கெல்லாம் இந்த உரிமம் செல்லாது. வெளிமாநிலத்தில் செல்லுமா என்றும் கேட்கிறார்கள். செல்லும், பழகுநர் உரிமம், முழு உரிமம் இரண்டும் இந்தியா முழுவதற்குமானவை.

எத்தனை நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம்?

30 நாட்கள் கழித்து. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதற்குள் முடித்துவிட வேண்டும். ஆறாவது மாதம் வரை தள்ளாதீர்கள். தேர்வு நாள் கிடைக்காமல், காலாவதியாகி, முதலிலிருந்து தொடங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். 31ஆம் நாளே ஓடுவதும் வேண்டாம். தினமும் அரை மணி நேரம் பழகியவருக்கு ஒன்றரை மாதத்தில் கை தெளிந்துவிடும்.

எட்டு போடுவது எப்படி? காலை ஊன்றினால் தோல்வியா?

தேர்வுத் தடத்தில் காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும். இதைப் பற்றி ஊரில் உலவும் பயம் தேர்வைவிடப் பெரியது. கற்றுக்கொடுக்கும் முறை சரியாக இருந்தால் எட்டு யாருக்கும் வரும்.

முதல் விஷயம் கண். முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் பார்க்கும் இடத்துக்குத்தான் வண்டி போகும். ஒரு வளைவில் நுழையும்போதே தலையைத் திருப்பி, அந்த வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். நடுவில் கடக்கும் கட்டம் வந்ததும் அடுத்த வளையத்தின் பக்கம் தலை திரும்பிவிட வேண்டும். தடுமாறுபவர்களைக் கவனித்தால், அவர்களின் கண் தரையில் குத்திட்டு நிற்பது தெரியும்.

இரண்டாவது, வேகத்தைச் சீராக வைப்பது. பைக்கில் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்தபடி, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வலது காலால் பின் பிரேக்கை மிக மெல்ல அழுத்தியே ஓட்டுங்கள். எஞ்சின் முன்னே இழுக்க, பிரேக் பின்னே பிடிக்க, இந்த இரண்டுக்கும் நடுவில் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லை. வலது கை ஆக்சிலரேட்டரை விடாமல் வைத்துக்கொண்டு இடது கை பிரேக்கால் வேகத்தை அடக்க வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. தொட்டால் வண்டி உடனே சாயும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டாலும் அதே கதிதான்.

மூன்றாவது, உடல். தோள்களையும் முழங்கைகளையும் தளர்த்துங்கள். பைக்கில் முழங்கால்கள் பெட்ரோல் டேங்கை அணைத்திருக்கட்டும். வண்டி ஒரு பக்கம் சாயும்போது உங்கள் உடல் சற்று எதிர்ப்பக்கம் நிமிர்ந்திருந்தால் சிறிய வளைவிலும் விழாது.

பழகும்போது எடுத்த எடுப்பில் சிறிய எட்டு வேண்டாம். காலி மைதானத்தில் இரண்டு செங்கற்களைத் தள்ளித் தள்ளி வைத்து, பெரிய எட்டாகத் தொடங்கி, நாளுக்கு நாள் இடைவெளியைக் குறையுங்கள். இடப்பக்கம் எளிதாகத் திரும்பும் பலருக்கு வலப்பக்கம் வராது. வராத பக்கத்தில் இரட்டிப்பு நேரம் பழகுங்கள். தேர்வு நாளில் எந்த வண்டியில் எட்டு போடப் போகிறீர்களோ அதே வண்டியில் பழகுங்கள். பழக்கமில்லாத வண்டியில் பதற்றம் இரண்டு மடங்காகும்.

எட்டு மட்டும் போட்டால் போதுமா?

ஆய்வாளர் சாலையில் ஓட்டச் சொல்வார், கை சைகைகளைக் கேட்பார். எல்லாச் சைகைகளும் வலது கையால்தான். வலப்புறம் திரும்ப, கையை நேராக நீட்ட வேண்டும். இடப்புறம் திரும்ப, நீட்டிய கையைக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். வேகத்தைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால், உள்ளங்கை கீழ் நோக்க, கையை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும்.

ஹெல்மெட்டைப் பட்டையோடு அணிந்து போங்கள். காலணி அணியுங்கள். கண்ணாடிகளைச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். வண்டியின் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று மூன்றும் செல்லத்தக்கதாக இருக்கட்டும். காப்பீடு முடிந்த வண்டியோடு தேர்வுக்குப் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தால் கியர் உள்ள வகை கிடைக்காது.

தோற்றுவிட்டால்?

ஏழு நாட்கள் கழித்து மறுபடியும் போகலாம். மூன்று முறை தோற்றால் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்தின்படி பயிற்சிப் பள்ளியில் திருத்தப் பயிற்சியும் முடிக்க வேண்டும். எந்த இடத்தில் தவறு என்று ஆய்வாளரிடம் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வார்கள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டுமா? ஆர்.டி.ஓ. தேர்வே இனி இல்லை என்று செய்தி வந்ததே?

இருசக்கர உரிமத்துக்குப் பயிற்சிப் பள்ளியின் சான்று தேவையில்லை. வாடகைக்கு, சரக்குக்கு ஓட்டும் போக்குவரத்து வாகனங்களுக்குத்தான் அது கட்டாயம். வீட்டில் கற்றுத்தர ஆளில்லாதவர்கள் நல்ல பள்ளியில் சேருவதை நான் வரவேற்கிறேன். ஆனால், கற்றுக்கொள்ளச் சேருங்கள். அலுவலகத்தில் ஆள் பிடித்துத் தருவார்கள் என்று சேராதீர்கள்.

அந்தச் செய்தியின் வேர் இது. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்ற தனி ஏற்பாடு விதிகளில் வந்தது. இடவசதி, கருவிகள் என்று கடும் நிபந்தனைகளை நிறைவேற்றிய அந்த மையங்களில் படித்துத் தேறியவருக்கு மட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. தெருவில் இருக்கும் சாதாரணப் பயிற்சிப் பள்ளிக்கு அந்த அதிகாரம் இல்லை. 2024இல் எல்லாத் தேர்வும் தனியாருக்குப் போகிறது என்ற வதந்தி பரவியபோது மத்திய அமைச்சகமே மறுத்துவிட்டது.

"தேர்வுக்கு வரவே வேண்டாம், கார்டு வீட்டுக்கு வரும்" என்று யாராவது சொன்னால் விலகிப் போய்விடுங்கள். போலி உரிமத்தோடு விபத்தில் சிக்கினால், முதல் பதிலில் எழுதிய அத்தனையும் உங்கள் தலைமேல் வரும். கையிலிருக்கும் உரிமம் உண்மையானதா என்று அதன் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பரிவாகன் தளத்திலேயே பார்க்கலாம்.

நிறக்குருடு, காது கேளாமை, கால் ஊனம் இருந்தால் உரிமம் கிடைக்காதா?

கிடைக்கும் வாய்ப்பு பலருக்கும் இருக்கிறது, கேட்காமலே ஒதுங்கிவிடுகிறார்கள். லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களும் உரிமம் பெறும்படி 2020 ஜூனில் படிவங்கள் மாற்றப்பட்டன. காது கேளாதவர்களுக்குத் தேர்வு எழுதும் உரிமை உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011இலேயே சொன்னது. கால் பாதிப்பு உள்ளவர்கள், பக்கச் சக்கரங்கள் பொருத்திப் பதிவுசெய்த ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்து, மாற்றியமைக்கப்பட்ட வாகனத்துக்கான உரிமம் பெறலாம். அத்தகைய ஸ்கூட்டர்களைத் தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகவே வழங்குகிறது.

தேர்வில் தேறிவிட்டேன். கார்டு எப்போது கைக்கு வரும்? அதுவரை?

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து உரிமம் விரைவு அஞ்சலில் வீட்டு முகவரிக்கே வருகிறது. முகவரியில் கதவு எண், பின்கோடு தவறாக இருந்தால் திரும்பிப் போய்விடும். அலுவலகப் பதிவில் உரிமம் ஏறியதும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ அதை இறக்கிக்கொள்ளலாம். காவலரிடம் அதைக் காட்டினால் அசல் கார்டுக்குச் சமம். கைபேசியில் எடுத்த புகைப்படத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

எத்தனை ஆண்டு செல்லும்?

30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது நிரம்பும் வரை. 30 முதல் 50க்குள் எடுத்தால் பத்து ஆண்டுகள். 50 முதல் 55க்குள் என்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகளாக.

காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முன்பு காலாவதிக்குப் பின் 30 நாள் சலுகை இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். முடிந்த மறுநாளிலிருந்தே நீங்கள் உரிமம் இல்லாதவர். ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடியும் எட்டு போட வேண்டியதுதான்.

உரிமம் வந்த பிறகு அது பறிபோகுமா?

போகும். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமத்தைத் தகுதியிழக்கச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. மூன்று பேர் ஏறினாலும் அதே தண்டனை. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம்.

ஹெல்மெட் ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் இது கண்டிப்பாக்கப்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் முதல் சட்டவிரோதம். சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தையை முன்னால் நிற்க வைத்து ஓட்டலாமா?

வேண்டாம். திடீரென்று பிரேக் பிடித்தால் குழந்தையின் முகம்தான் ஹேண்டிலில் மோதும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டி, தலைக்கு அளவான ஹெல்மெட் அணிவித்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டை இணையக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது தோள் பட்டைகள் நீளம் கூட்டிக் குறைக்கும்படி இருக்கின்றனவா, எத்தனை கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 30 கிலோ தாங்க வேண்டும் என்பது விதி.